மூன்றாம் ஓலைக்கு முன்

சிவகாசி
11 ஆகஸ்ட் 2025, திங்கள்

அருள்பிரகாஷ் அவர்களுக்கு,

நேற்று இரண்டு ஊர்ச் சபைகளிலும் நம் கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் முதல் ஓலை, வாசித்தாயிற்று. விருதுநகரில் வாசித்தபோது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்களோ, எனக்குத் தெரியாது. இங்கே என் பெயரோடு உங்கள் பெயரைச் சேர்த்துக் குருவானவர் படித்ததும் என் காது இரண்டும் சுட்டுப்போயின. இவர்கள் சேருவதற்குத் தடை உண்டென்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல் கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போதுதான் அப்பா எழுந்தார்.

உங்கள் அம்மா எங்கள் வீட்டு வாட்ஸப்புக்கு உங்கள் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார்கள். மலேரியா போய்விட்டது, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று. பாவம், நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அதே தாளின் கீழே ஈரல் டெஸ்டும் இருந்தது. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் சித்தப்பா அகஸ்டின் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "என்னண்ணே, எஸ்ஜிபிடி இருநூத்தி எம்பத்தாறு போட்டிருக்கு? இது தண்ணி போடுறவனுக்கு வர்ற நம்பர்லா" என்றார். அப்பா கையைக் கழுவிவிட்டார். அதற்கு மேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் வேனிலிருந்து ஆள்கள் இறங்கும்போது கேட்டில் நிற்பார். கண்ணைப் பார்ப்பார், கையை நீட்டச் சொல்வார். விரல் நடுங்கினால் அவ்வளவுதான், சீசனாக இருந்தாலும் சரி, வெடிமருந்துப் பக்கம் விடாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் யூனிட்டில் இதுவரை ஒரு விபத்து கிடையாது. அப்படிப்பட்டவர் நிச்சயத்தன்று உங்களைப் பார்த்திருக்கிறார். "மோதிரம் போடும்போது கை ஆடுச்சு. கண்ணும் செவந்து கெடந்துச்சு. நான்தான் கூச்சம்னு நெனச்சு விட்டுட்டேன்" என்கிறார்.

இதுதான் அப்பாவின் தீர்ப்பு: இரண்டாம் ஓலை வாசிக்கட்டும். மூன்றாம் ஓலைக்குள் ஈரல் நம்பர் நார்மலுக்கு வர வேண்டும். வராவிட்டால் அவரே குருவானவரிடம் சொல்லி நிறுத்திவிடுவார். அதுவரை நான் உங்களோடு போனில் பேசக்கூடாது, பார்க்கவும் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். எழுதக்கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. உங்கள் அக்கா பெர்சிஸ் தினமும் பஸ் ஏறி நர்ஸ் வேலைக்கு இங்கேதானே வருகிறார்கள், அவர்களிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரே கேள்வி. நீங்கள் குடிப்பீர்களா? எப்போதாவது, சும்மா, பார்ட்டியில் என்றெல்லாம் எழுதாதீர்கள். உண்டா, இல்லையா?

வினோலியா


விருதுநகர்
13 ஆகஸ்ட், புதன்

வினோலியாவுக்கு,

இல்லை.

ஆப்பிரிக்காவில், கம்பாலாவில் ஒரு அச்சகத்தில் மூன்று வருஷம் ஆஃப்செட் மெஷின் ஓட்டினேன். எங்கள் அறையில் ஐந்து பேர், ஐந்து பேரும் நம்ம பக்கத்துக்காரர்கள். மற்ற நான்கு பேர் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் மறுநாள் மைதா மாவு வாங்கிப் பரோட்டா போட்டுக் கொடுப்பேன். அதுதான் அங்கே என் பங்கு. உங்கள் அப்பாவுக்கு இதை எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குடிக்காததற்கு என்ன சாட்சி இருக்கிறது?

நிச்சயத்தன்று எனக்குக் காய்ச்சல். காலையிலேயே குளிர் தூக்கிப்போட்டது. அங்கே மலேரியா வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷினில் நிற்போம், பழகிப்போயிற்று. உங்கள் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள், பிரியாணி அண்டாவுக்குத் தம் போட்டாயிற்று. அந்த நேரத்தில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது? கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் விரல் தட்டுப்படாமல் மோதிரம் இரண்டு தடவை நழுவியதே, அது கூச்சமும் இல்லை, தண்ணியும் இல்லை.

அப்புறம் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் இரண்டு வகைக் கிருமி இருந்ததாம். ஊசியும் மாத்திரையுமாகக் காய்ச்சல் இறங்கியது, ஆனால் ஈரல் நம்பர் ஏறிவிட்டது. நானும் பயந்துபோய் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "ஆப்பிரிக்காவுல இருந்து வர்றவங்கள்ல நெறையப் பேருக்கு இதைப் பாக்குறேன் தம்பி. மலேரியாவும் ஈரலைத் தொடும், அதுக்குக் குடுக்குற மருந்தும் தொடும். கொஞ்ச வாரத்துல தானா எறங்கிரும்" என்றார்.

இன்னொரு சின்ன மாத்திரையும் கொடுத்திருக்கிறார், பதினான்கு நாள் விடாமல் போட வேண்டும். ஒரு வகைக் கிருமி ஈரலுக்குள் போய்த் தூங்குமாம். அதை அங்கேயே கொல்லாவிட்டால் சில மாதம் கழித்து எழுந்து வந்து திரும்பவும் காய்ச்சலில் தள்ளுமாம். அந்த மாத்திரை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தனியாக ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். பாதிகூட இன்னும் முடியவில்லை.

தினமும் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துக் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். மஞ்சள் இல்லை. ஆனாலும் அம்மா எனக்கு எண்ணெய் காட்டாத இட்லியாகக் கொடுத்து, நான் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறார். நேற்று சூலக்கரைக்கு ஒரு வேலையாகப் போனேன். டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர், "என்னப்பா, ஈரல் எப்படி இருக்கு?" என்றார். இந்த ஊருக்கே தெரிந்துவிட்டது.

நீங்கள் நம்புகிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

அருள்பிரகாஷ்


சிவகாசி
15 ஆகஸ்ட், வெள்ளி

நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வகுப்பறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் வார்த்தையில் உயிர் வந்தது. மீதியைப் படித்ததும் கோபம் வந்தது.

அறிவு இருக்கிறதா உங்களுக்கு? அவ்வளவு காய்ச்சலோடு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மோதிரம் போட வந்தீர்களா? பிரியாணி ஆறினால் திரும்பச் சூடு பண்ணிக்கொள்ளலாம். அன்றைக்கே, எனக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தப் பாடு ஏது? உங்களுக்கு வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதம் வந்ததைத் தவிர. பெர்சிஸ் அக்கா சொன்னதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "டாக்டர் சொல்றதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. குடிச்சிட்டு வாறவன்கூட ஆயிரம் காரணம் சொல்லுவான். நம்பர் எறங்கட்டும், நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவரையும் ஒரேயடியாக வெறுக்க முடியவில்லை. இத்தனை வருஷமாகக் கையைப் பார்த்தே மனுஷனை எடை போட்டவர், என்னைக் கொடுக்கும் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாரா?

ராத்திரி ஜெபத்தில் ஒருவருடைய ஈரலுக்காகக் கேட்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "என்னத்த ஜெபம் பண்ணுறா இவ!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்று. என்னை நீங்கள், நீங்கள் என்று எழுதுகிறீர்களே, நான் என்ன உங்கள் ஹெட்மாஸ்டரா? மோதிரம் போட்டவருக்கு நீ என்று சொல்ல உரிமை உண்டு.

வினோ


விருதுநகர்
18 ஆகஸ்ட், திங்கள்

வினோ,

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. திட்டு வாங்கியதில் உடம்பு கொஞ்சம் தேறியது போல இருக்கிறது.

நேற்று இரண்டாம் ஓலை. குருவானவர் தடை கேட்டபோது எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். வேட்டி நனைகிற அளவுக்கு வேர்த்தது. இன்னொரு ஞாயிறு இப்படி என்னால் உட்கார முடியாது.

வியாழக்கிழமை மதுரையில் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்குச் சினேகிதன் பிரஸ்ஸில் அச்சுப் பிளேட் போட்டு வைத்தாயிற்று, செப்டம்பர் நான்கு என்று தேதியோடு. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவந்ததிலிருந்து அவனுக்கு ஆர்டர் குவிகிறது. "ஓட்டவா வேண்டாமான்னு சொல்லுலே, மெஷின் காத்துக்கெடக்கு" என்று தினமும் போன் போடுகிறான். நான் என்ன சொல்வேன்? உங்கள் அப்பா கேட்டது ஒரு நம்பர். அந்த நம்பரைக் கொண்டுவர நான் ஒரு வழி பார்த்திருக்கிறேன். இப்போது கேட்காதே. நம்பர் வந்த பிறகு சொல்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது.

அருள்


விருதுநகர்
22 ஆகஸ்ட், வெள்ளி

வினோ! வினோ!

நாற்பத்து நான்கு! நார்மல்!

இந்நேரம் உங்கள் வீட்டுக்கும் தெரிந்திருக்கும், அம்மா நேற்று சாயங்காலமே அனுப்பிவிட்டார். உங்கள் அப்பா எனக்கே போன் பண்ணினார். "சந்தோஷம் தம்பி. ஞாயித்துக்கெழமை மூணாம் ஓலை ஆகட்டும்" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். ஆனால் குரல் நன்றாக இருந்தது. பத்திரிகையை ஓட்டச் சொல்லிவிட்டேன்.

இப்போது ரகசியத்தைச் சொல்கிறேன், கேள். மெஷினில் எங்கேயோ சத்தம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஒவ்வொரு யூனிட்டாக நிறுத்திப் பார்ப்போம். எதை நிறுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அதில்தான் கோளாறு. நானும் அதைத்தான் செய்தேன். மருந்து ஈரலைத் தொடும் என்று டாக்டரே சொன்னார். நான் அப்போது போட்டுக்கொண்டிருந்த மருந்து எது? அந்தச் சின்ன மாத்திரை ஒன்றுதான். உங்கள் அப்பா நம்பர் இறங்கட்டும் என்று சொன்னதை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். பார்த்தாயா, சத்தம் அடங்கிவிட்டது!

மீதி மாத்திரை பத்திரமாக இருக்கிறது. கல்யாணம் முடிந்து சாவகாசமாகப் போட்டுக்கொண்டால் போயிற்று. தூங்குகிற கிருமிதானே, இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும். அக்காவிடம் மட்டும் மூச்சுவிடாதே. தினமும் "போட்டியாலே?" என்பாள், "ஆச்சுக்கா" என்பேன். இந்தக் கடிதத்தையே அவள்தான் கொண்டுவருகிறாள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இன்று கண்ணாடி பார்க்கவில்லை. சாப்பாட்டில் காரம் போடச் சொன்னேன்.

உன் அருள்


சிவகாசி
24 ஆகஸ்ட், ஞாயிறு

நம் ஓலைக்குத் தடை சொன்னது நான்தான். வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று டூட்டி முடிந்து பஸ் ஏறப் போகிற வழியில் பெர்சிஸ் அக்கா உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாசலில் நின்றே படித்தேன். அப்பா சொன்னதை உங்களுக்கு எழுதியது நான். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். என் கையாலேயே உங்களுக்கு விஷத்தைக் கொடுத்தது போல் இருந்தது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காவிடம் பேசக்கூடாது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்தபடியே அக்கா உங்கள் டாக்டரைப் பிடித்து விசாரித்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நம்பர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டுதான் இருந்ததாம். நீங்கள் மாத்திரையை விட்டிருந்தாலும் விடாவிட்டாலும் அது இறங்கியிருக்குமாம். ஈரலைத் தொட்டது காய்ச்சலும் முதலில் கொடுத்த மருந்தும்தானாம். நீங்கள் நிறுத்தியது அந்தத் தூங்குகிற சனியனைக் கொல்ல இருந்த ஒரே மாத்திரையை. முதலிலிருந்து பதினான்கு நாளும் போட வேண்டும், கல்யாணம் காட்சி என்று அலைச்சல் வேண்டாம், இடையில் ரத்தமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பத்திரிகை வாங்கப் போயிருந்தீர்கள். அக்கா வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டதும் உங்கள் அம்மாவே போனை வாங்கி என்னிடம் பேசினார்கள். "தாயி, திரும்ப மாத்திரையப் போட்டு நம்பர் ஏறிருச்சுன்னா ஊரு என்ன பேசும்? மூணாம் ஓலை முடியட்டும், தாலியக் கட்டட்டும். பெறகு நீயே ஒங்கையால குடு" என்று அழுதார்கள். ஏறாது அத்தை என்றேன். அவர்கள் காதில் ஏறவில்லை.

அப்பாவிடம் போனேன். "ரிப்போர்ட் நார்மல்தான? அப்பொறம் என்ன? பத்திரிகை அடிச்சாச்சு. கல்யாணம் முடிஞ்சு போட்டுக்கிடட்டும்" என்றார். எல்லாருக்கும் தாளில் ஒரு நம்பர் நன்றாக இருந்தால் போதும். அந்த உடம்புக்குள் என்ன தூங்குகிறது என்று ஒருவருக்கும் கவலை இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அருள்.

இன்று ஆராதனையில் நம் பெயர்களை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்றார் குருவானவர். எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குருவானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். "ஐயா, மாப்பிள்ளைக்கு மலேரியா மாத்திரை இன்னும் முடியல. முடிஞ்ச பெறகு இந்த மூணாம் ஓலையை வாசிங்க. அவர் குடிக்க மாட்டார். இதையும் சபை தெரிஞ்சுக்கணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை என்று நினைத்தேன், ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்டதாம். அப்புறம் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. குருவானவர் தாளை மடித்து வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா என்னை அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "மாப்ள எதுக்கு மாத்திரைய நிறுத்துனாரு?" என்று கேட்டார். "நீங்க கேட்ட நம்பருக்காகத்தான்" என்றேன். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார். செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் அம்மா இனி என்னை மருமகளாக ஏற்பார்களா? நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மானத்தை வாங்கிவிட்டாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நார்மல் ரிப்போர்ட் வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும். ஈரல் நம்பர் ஆயிரம் ஏறினாலும் நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். இன்றைக்கே மாத்திரையைப் போடுங்கள்.

வினோலியா


விருதுநகர்
27 ஆகஸ்ட், புதன்

வினோ,

போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து.

சனிக்கிழமை பத்திரிகைக் கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா கதவிலேயே நின்றாள். அடிக்கவில்லை. "ஒரு நர்சு தம்பிலே நீ" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் அழுதாள். அடித்திருந்தால் தேவலாம். ஆனால் அன்றைக்கும் நான் போடவில்லை, அம்மா விடவில்லை. மறுநாள் நீ எழுந்து நின்றாய் என்று போன் வந்த பிறகுதான் அம்மாவே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "அம்புட்டுப் பேர் முன்னால ஒரு பொம்பளப்புள்ள நிக்குது, நான் நம்பரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். நீ கவலைப்படாதே. இன்று காலையில்கூட உனக்கு என்ன நிறத்தில் சேலை பிடிக்கும் என்று என்னைக் கேட்டார்.

மானம் போயிற்று என்று நான் நினைக்கவே இல்லை. நான் ஒரு பிரியாணி அண்டாவுக்குப் பயந்து வாயை மூடியவன். நீ ஒரு சபைக்கே பயப்படவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் பயம் இன்னும் விடவில்லை. திங்கட்கிழமை காற்றில் கொஞ்சம் உடம்பு சிலிர்த்ததற்கே அக்கா விரலில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டாள். கிருமி எதுவும் இல்லை. ஆனால் உள்ளே தூங்குவது இந்த டெஸ்டில் தெரியாதாம். பதினான்கு நாளும் முடிந்து, சில மாதமும் கடந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். நாம் இரண்டு பேரும் கொஞ்ச காலம் பயந்துகொண்டேதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் அப்பா சீசன் லோடு பார்க்கச் சீக்கிரம் கிளம்புகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை விடியற்காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா பதறிப்போய் நாற்காலி போட்டார். உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "மாத்திரை எங்கன இருக்கு?" என்றார். எடுத்து வந்தேன். "சாப்பிட்டீகளா?" என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டேன் என்றேன். "அப்பப் போடுங்க." போட்டேன். "வாயத் தொறங்க." திறந்தேன், நாக்கை மடக்கியும் காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நேற்றும் வந்தார். இன்றும் வந்தார். இன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நான் குடிக்கிறேன்னு இன்னும் சந்தேகப்படுதீகளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபோதே என் கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார். கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க குடிக்க மாட்டீகன்னு நம்பிட்டேன் மாப்ள. மாத்திரை போடுவீகன்னுதான் இன்னும் நம்ப முடியல" என்றார்.

நாளைக்கும் வருவாராம்.

அருள்